‘கேரி’ (carry) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தகலாகு மொழியில் எத்தனை சொற்கள்? பேரனைத் தூக்கச் சொல்ல எது சரி?

தேவகோட்டை ஆச்சி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் பிலிப்பைன்ஸ் நாட்டில் பத்தங்காஸ் மாகாணத்துப் பெண்; தாய்மொழி தகலாகு. பேரனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றுக்கொள்கிறாள். அவள் அவ்வளவு பாடுபடும்போது, அவள் மொழியில் நான் நான்கு வார்த்தையாவது பேச வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்காக ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்து, முதலில் ஆங்கிலம், அடுத்துத் தகலாகு, கடைசியில் தமிழ் என்று எழுதி வருகிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. ‘கேரி’ என்ற சொல்லுக்கு வந்தபோதுதான் நின்றுபோனேன்.

கைபேசியில் ‘கேரி’ என்று தட்டினால் ‘தலா’ என்று வருகிறது. நானும் அதையே எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன். சென்ற ஆனி மாதம் அவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். ஒரு நாள் மாலை நான் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் மாவு. வளவில் பாயில் கிடந்த பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. மருமகள் பட்டாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தபடி, “தல்ஹின் மோ ஆங் பாதா” என்று குரல் கொடுத்தேன். பிள்ளையைத் தூக்கு என்பதுதான் என் எண்ணம். அவளோ வேகமாக எழுந்து, பிள்ளையின் துண்டையும் பால் புட்டியையும் பைக்குள் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, “சா-ஆன் போ?” என்று கேட்டாள். எங்கே போக வேண்டும் என்று கேட்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. அதற்குள் பிள்ளை அழுது அழுது முகம் சிவந்துவிட்டது. அவள் மேல் ஒரு தவறும் இல்லை. நான் சொன்னதை அவள் சொன்னபடி செய்தாள்.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டும் பார்த்தேன். நான் ஒவ்வொரு விதமாகத் தூக்கிக் காட்டக் காட்ட, அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனாள். தலையில் குடத்தை வைத்துக் காட்டினால் ஒரு சொல், கக்கத்தில் நோட்டை இடுக்கினால் வேறொரு சொல், பையைக் கையில் தொங்கவிட்டால் இன்னொன்று. எழுதி முடிப்பதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ஆகவே இந்த மொழியோடு பழகியவர்கள் எவரேனும் இருந்தால், ஆங்கிலத்தில் ‘கேரி’ என்று ஒரே சொல்லில் அடங்குவது தகலாகில் எப்படியெல்லாம் பிரிகிறது, ஒவ்வொன்றுக்கும் நம் பேச்சில் நிகரான சொல் எது என்று விளக்கிச் சொல்ல வேண்டுகிறேன். பேரனைத் தூக்கச் சொல்வதற்கு உரிய சொல் முதலில் வேண்டும்.


பள்ளத்தூர்ச் செவிலி எழுதியது:

ஆச்சி, வணக்கம். நான் பள்ளத்தூரில் பிறந்தவள். பதினான்கு ஆண்டுகளாக வெளிநாட்டு மருத்துவமனைகளில் செவிலியாக இருக்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ் பெண்கள். அவர்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக் கற்ற மொழி இது. புத்தகப் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் சொற்கள் எல்லாம் எங்கள் வார்டில் நாள்தோறும் புழங்குகிறவை.

முதலில் உங்கள் பேரன். அவனைத் தூக்கச் சொல்ல ‘கர்கா’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். “கர்கஹின் மோ ஆங் பாதா” என்றால் ‘பிள்ளையைத் தூக்கு’. ‘தூக்கு, தூக்கு’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்குமே, அதற்கு அவர்கள் ‘நக்பாபாகர்கா’ என்பார்கள். தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்கிறது என்று பொருள். நீங்கள் சொன்ன ‘தல்ஹின்’ தவறான சொல் அன்று, இடம்தான் வேறு. “தல்ஹின் மோ ஆங் பாதா சா தொக்தோர்” என்றால் ‘பிள்ளையை டாக்டரிடம் கொண்டு போ’. ‘தலா’ என்பதில் தூக்குவதைவிட ஓரிடத்துக்குக் கொண்டு செல்வதே முக்கியம். அதனால்தான் உங்கள் மருமகள் பையை எடுத்துக்கொண்டு எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

ஒலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தலா’ என்பதன் முதல் எழுத்தைத் ‘தயவு’ என்று நாம் சொல்லும்போது வருவது போல மெலிதாகச் சொல்ல வேண்டும். ‘தலை’ என்பதில் வருவது போல அழுத்தினால் அவர்களுக்குப் புரியாது. இரண்டாவது அசையில் குரலை ஏற்றுங்கள். கீழே ‘பித்பித்’, ‘புஹாத்’ என்று நான் எழுதியிருப்பவற்றின் முதல் எழுத்தும் ‘பயம்’ என்பதில் வருவது போல மென்மையானது.

இனி உடம்பின் எந்த இடத்தில் சுமை இருக்கிறது என்பதற்கு வருவோம். தரையில் இருப்பதைப் பலம் கொடுத்து மேலே எழுப்பினால் ‘புஹாத்’. படுக்கையிலிருந்து நோயாளியைத் தள்ளுப் படுக்கைக்கு மாற்றும்போது நான்கு பேர் நான்கு மூலையில் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, “இசா, தலவா, தத்லோ, புஹாத்!” என்போம். ஒன்று, இரண்டு, மூன்று, தூக்கு. நான் முதன்முதலில் கற்ற தகலாகு வாக்கியம் அதுதான். தமிழ்ப் பெண், மலையாளப் பெண், பர்மாக்காரப் பெண் எல்லாரும் அந்த ‘புஹாத்’தைக் கேட்டவுடன் ஒரே மூச்சில் தூக்கிவிடுவோம்.

தலையில் வைத்தால் ‘சூனோங்’. குடம், கூடை, விறகுக் கட்டு எதுவானாலும் தலைக்கு ஏறிவிட்டால் அதற்கு இந்தச் சொல்தான். தோளிலோ முதுகிலோ ஏற்றினால் ‘பசான்’. தோளில் ஒரு கழியை வைத்து அதன் இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டால் அந்தக் கழிக்குப் ‘பிங்கா’ என்று பெயர்; நம் காவடித் தண்டும் அதே அமைப்புதான். கையில் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டு போவது ‘பித்பித்’. சந்தைப் பை, தூக்குவாளி, காலைக் கட்டிய கோழி, இவையெல்லாம் பித்பித். கக்கத்தில் இடுக்கினால் ‘கிப்கிப்’. இடுப்பில் செருகினாலோ தோளில் மாட்டிக்கொண்டாலோ ‘சுக்பித்’. மடியில் வைத்துக்கொண்டால் ‘காந்தோங்’. மடிக்கே ‘கந்துங்கான்’ என்றுதான் பெயர். கைகளில் ஏந்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் ‘காலோங்’. பிள்ளையை ஒரு பக்கமாக இடுப்பில் சாய்த்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் நாம் வீட்டு வேலை பார்ப்போமே, அது ‘கிலிக்’.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று ‘ஹாக்கோத்’. ஒரே தடவையில் எடுக்க முடியாத பொருளைப் பல நடையாக அள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு அது தனிச் சொல். ஆங்கிலத்தில் இந்தப் ‘பல நடை’யை ஒற்றைச் சொல்லில் சொல்வது கடினம். ஊருணியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் எடுத்த காலத்தில் எங்கள் அப்பத்தா, “பத்து நடை ஆச்சு” என்று சொல்லும்போது அவர் சொன்னது ஹாக்கோத்தைத்தான்.

பலர் சேர்ந்து தூக்குவதற்கும் ஒரு வழக்கம் உண்டு. மூங்கிலும் நீப்பா ஓலையும் கொண்டு கட்டிய வீட்டையே, அடியில் மூங்கில்களைக் கொடுத்து, ஊர் ஆட்கள் கூடித் தோளில் ஏற்றி வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அந்தக் கூட்டு உழைப்பைப் ‘பாயனிஹான்’ என்பார்கள். என் அறைத்தோழி அவளுடைய தாத்தா வீடு அப்படி நகர்ந்ததைச் சொல்லும்போது, வீட்டுக்காரர் கூலி கொடுப்பதில்லை, எல்லாருக்கும் சோறு போடுவார் என்றாள். ஊர் கூடித் தேர் இழுப்பதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இலக்கணத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். “மக்தலா கா நாங் தூபிக்” என்றால் ‘தண்ணீர் கொண்டு வா’. “தல்ஹின் மோ ஆங் தூபிக்” என்றால் ‘தண்ணீரைக் கொண்டு வா’. நாம் ‘ஐ’ சேர்த்து ‘அந்தக் குறிப்பிட்ட தண்ணீர்’ என்று காட்டுவதை, அவர்கள் வினைச்சொல்லின் உருவத்தை மாற்றியே காட்டிவிடுகிறார்கள். அவருக்குக் கொண்டு போய்க் கொடு என்று ஆளை முன்னால் வைத்தால் அதே வினை ‘தல்ஹான்’ ஆகிவிடும். இந்த மூன்றையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆச்சி. மற்ற வினைகளுக்கும் இதே வழி பெரும்பாலும் உதவும்.


கண்டனூர்த் தமிழாசிரியர் எழுதியது:

மதிப்புக்குரிய ஆச்சிக்கும் பள்ளத்தூர்ச் சகோதரிக்கும் வணக்கம். எனக்குத் தகலாகு தெரியாது. ஆனால் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, ஆச்சியின் நோட்டில் ஆங்கிலத்துக்கு இடம் வேண்டுமா என்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘கேரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். சக்கர வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, வட பிரான்சு வழக்கின் வழியாக வண்டியில் ஏற்றிக் கொண்டு செல்லுதல் என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது அது. வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு தலை என்ன, தோள் என்ன, இடுப்பு என்ன? சரக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் போதும். அந்தச் சொல்லில் மனித உடம்புக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை. மனிதன் தூக்குவதற்கும் அதையே பின்னாளில் வழங்கியதால், எல்லாச் சுமையும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டது.

இதில் இன்னொரு சுவையான செய்தி. சகோதரி பேரனுக்காகச் சொன்ன ‘கர்கா’ என்பது தகலாகுக்கு ஸ்பானிய மொழி தந்த சொல். பிலிப்பைன்ஸ் தீவுகள் 300 ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தவை. ஏற்றுதல் என்னும் பொருளுடைய அந்த ஸ்பானியச் சொல்லுக்கும் மூலம் அதே ‘கர்ருஸ்’தான். ஆக, ‘கேரி’யும் ‘கர்கா’வும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை ஆச்சியின் வீட்டிலேயே இருக்கும். சீர்வரிசையில் வந்து, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் எனாமல் டிபன் கேரியரைத்தான் சொல்கிறேன். நாம் அதற்கு வைத்த பெயர்களான அடுக்குச் சட்டியும் தூக்குச் சட்டியும், அடுக்குவதையும் தூக்குவதையும் கண்ணுக்கு முன் கொண்டு வருகின்றன.

நம் சொற்களைக் கவனியுங்கள். சுமத்தல் என்றால் பாரம் உடம்பின் மேல் அழுந்த வேண்டும். தலைக்கும் பாரத்துக்கும் நடுவே துணியைச் சுருட்டி வைத்தால் அது சும்மாடு. ஏந்துதல் என்றால் கை கீழே இருந்து மேல் நோக்கி இருக்க வேண்டும். தீச்சட்டியை ஏந்துகிறோம், பிச்சைப் பாத்திரத்தையும் ஏந்துகிறோம், குழந்தையையும் ஏந்துகிறோம். தாங்குதல் என்றால் விழாமல் நிற்க வைப்பது. சாமி புறப்பாட்டில் பல்லக்கைத் தோளில் கொள்கிறவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்கிறோம். அவர்களைச் சுமப்பவர்கள் என்று சொல்ல நமக்கு நா வருவதில்லை. இடுக்குதல், செருகுதல், கட்டிக்கொள்ளுதல் எல்லாம் அப்படித்தான். எடுத்தல் என்ற சொல்லுக்கோ நேர்த்திக்கடன் என்ற பொருளே ஏறிவிட்டது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறார்கள், முளைப்பாரி எடுக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடி எடுக்கிறார்கள். ‘காவடி சுமக்கிறார்’ என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சுமந்தால் அது பாரமாகிவிடும்.

பழைய சாலை ஓரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை ஆச்சி பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர், இறக்கி வைக்கப் பிறர் கையை எதிர்பாராமல், நின்றபடியே சுமையை அதன் மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். இரண்டுக்கும் ‘சுமை’ என்ற ஒரே சொல் இருப்பதால்தான் அப்படி ஒரு கல் நம் ஊரில் நிற்கிறது.

ஆகவே என் பணிவான யோசனை: ஆச்சி, நோட்டில் முதல் பத்தியை அடித்துவிடுங்கள். தமிழிலிருந்து நேரே தகலாகுக்குப் போங்கள். இடையில் ஆங்கிலம் நின்றால் இரண்டு பக்கத்துச் சொற்களும் அந்த வாசலில் நெருக்கியடித்து ஒன்றாகிவிடுகின்றன. ‘இடுக்கு’ என்று எழுதி எதிரில் ‘கிப்கிப்’ என்று போட்டால் இரண்டும் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி புதிய நோட்டு ஒன்று வாங்கி இரண்டே பத்தியாகப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். பள்ளத்தூர்த் தங்கச்சி சொன்ன சொற்களை மகன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டினேன். மருமகள் ‘சூனோங்’ என்ற சொல்லைக் கேட்டதும் நிறுத்தச் சொல்லி, அவளுடைய பாட்டி மீன் கூடையை அப்படித்தான் கொண்டு போவார் என்றாள். அதற்குப் பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. ஆங்கிலத்தில் குரல் ‘கேரி’ ஆகிறது என்கிறார்கள், வெள்ளத்தில் போவதற்கும் அதே சொல், பிள்ளை உண்டாகியிருப்பதற்கும் அதே சொல். உடம்பால் தூக்காத இவற்றுக்கெல்லாம் தகலாகில் என்ன சொல்வது?


பள்ளத்தூர்ச் செவிலி எழுதியது:

ஆச்சி, நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வார்டில் அந்தச் சொல் எப்போதும் காதில் விழும். பிள்ளை உண்டாகியிருப்பவளை ‘புந்திஸ்’ என்பது பொதுவான பேச்சு. மரியாதையாகச் சொல்லும்போது ‘நக்தாதாலாங்-தாவோ’ என்பார்கள். ‘தலா’ என்பது நீங்கள் அறிந்ததுதான். ‘தாவோ’ என்றால் மனிதர். ஒரு மனிதரைத் தன்னோடு கொண்டு செல்கிறாள் என்று பொருள். நம் வழக்கில் ‘வயிற்றில் சுமந்த தாய்’ என்று சொல்லும்போது பாரம் தெரிகிறது. அவர்கள் சொல்லில் பாரம் இல்லை, உடன் ஒருவர் வருவதுதான் இருக்கிறது. இரண்டில் எது சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவ அறையில் நின்று இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

குரல் தொலைவுக்குக் கேட்பதற்கு ‘தலா’ உதவாது. அதற்கு ‘ஆபோத்’, அதாவது எட்டுதல். நாமும் ‘குரல் எட்டுகிறது’ என்றுதானே சொல்கிறோம்? நினைத்தபோது வியப்பாக இருந்தது: இரண்டு மொழிக்காரர்களுக்கும் குரல் ஒரு கையைப் போல நீண்டு போய்த் தொடுகிறது. வெள்ளமோ காற்றோ அடித்துக்கொண்டு போவதற்குத் ‘தாங்காய்’. “தினாங்காய் நாங் பாஹா” என்றால் ‘வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது’. புயல் நாட்களில் பிலிப்பைன்ஸ் தோழிகள் ஊருக்குப் பேசும்போது இந்தச் சொல் காதில் விழுந்தால் நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

ஒரு குணத்தையோ பொருளையோ தன்னிடத்தே கொண்டிருப்பதற்குத் ‘தக்லாய்’. கடையில் ஒரு சரக்கு இருக்கிறதா என்று கேட்க இவை எதுவுமே வேண்டாம். நம்மைப் போல ‘இருக்கிறதா’ என்று கேட்டால் போதும், அதற்கு ‘மைரோன் பா’ என்று தொடங்குவார்கள். ஒரு வேலையை விடாமல் தொடர்வதற்குத் ‘துலோய்’ என்பதை அடியாகக் கொண்ட வினைகள் உண்டு.

‘பசான்’ என்று தோள் சுமைக்குச் சொன்னேன் அல்லவா? அதிலிருந்து வந்த ‘பசானின்’ என்பது வாழ்க்கைப் பாரத்துக்கும் வழங்கும். குடும்பக் கடன், தம்பி தங்கை படிப்பு, எல்லாமே பசானின். மணிலாவில் கியாப்போ தேவாலயத்தில் ஆண்டுதோறும் சனவரி 9 அன்று, சிலுவையைத் தோளில் கொண்ட ‘கறுப்பு நசரேயர்’ என்னும் இயேசுவின் திருவுருவத்தைத் தேரில் ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். வெறுங்காலோடு இலட்சக்கணக்கானவர்கள் கூடுவார்கள். அந்தத் தேரின் வடத்தைத் தோளில் கொண்டு இழுக்கும் பக்தர்களுக்கு ‘மமமசான்’ என்று பெயர்; அதற்கும் வேர் பசான்தான். ஐயா, காவடியைச் சுமக்கிறார் என்று நாம் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் சுமையையே பெயராக வைத்துக்கொள்கிறார்கள். சிலுவையைச் சுமப்பவரைப் பார்த்துத் தாமும் சுமப்பது அவர்கள் வழி.

இன்னும் இரண்டு சொற்கள், ஆச்சி, இவற்றை விட்டுவிட்டால் எனக்கு மனம் ஆறாது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறவனை, தன் சொந்தப் பெஞ்சைத் தானே தூக்குகிறான் என்பார்கள். “நக்புபுஹாத் நாங் சரிலிங் பங்க்கோ”. இரண்டாவது ‘பதலா’. ‘தலா’வுக்கு முன்னால் ‘ப’ சேர்த்தால் கொண்டு செல்லச் செய்தல், அதாவது அனுப்புதல். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், துணி, சோப்பு, சாக்லேட் அத்தனையும் பதலா. நம் ஊரில் ‘இன்னார் வசம் கொடுத்துவிட்டேன்’ என்கிறோமே, அதே கருத்து. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன நம் பாட்டன்மார் காலத்தில் வீட்டில் இருந்தவர்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ, பத்தங்காஸில் உங்கள் சம்பந்தி வீட்டார் அதற்காகத்தான் மாதம்தோறும் காத்திருப்பார்கள்.


தாவாவ் மாணவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடிப் பக்கம். பிலிப்பைன்ஸின் தென்பகுதியான மிந்தனாவோவில், தாவாவ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே என்னைப் போன்ற தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த இழையைப் படித்துவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோகக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். தாவாவில் வீட்டிலும் தெருவிலும் பெரும்பாலும் பேசுவது செபுவானோ; மக்கள் அதைப் பிசாயா என்பார்கள். தகலாகு பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் பழகியதால் புரிந்துகொள்வார்கள். ஆனால் வார்டில் ஒரு தாய் தன் போக்கில் பேசும்போது நமக்குப் பிசாயா தெரிந்திருக்க வேண்டும்.

‘தலா’வும் ‘பித்பித்’தும் இரண்டிலும் உண்டு. தோளில் சுமப்பது இங்கே ‘பாஸ்-ஆன்’, நடுவில் மூச்சை ஒரு கணம் நிறுத்த வேண்டும். தலையில் சுமப்பது ‘லுக்தோ’. பிள்ளையைக் கைகளில் தூக்கி வைத்திருப்பது ‘கூகோஸ்’. குழந்தைகள் பிரிவில் பயிற்சிக்குப் போன முதல் நாள், பரிசோதனைக்குப் பயந்து அழுத பிள்ளையைத் தாய் தூக்கிக்கொள்ளட்டும் என்று நான் ‘கர்கா’ என்றேன். அவர் தயங்கி நின்றார். பக்கத்திலிருந்த மூத்த மாணவி ‘கூகோஸ்’ என்றதும் உடனே வாரி எடுத்து அணைத்துக்கொண்டார்.

இளையவர்கள் பேச்சில் இன்னொன்றும் உண்டு. ‘முடியுமா? சமாளித்துவிடுவாயா?’ என்று கேட்டால் ‘கெரி’ என்பார்கள். நன்றாகவே முடியும் என்றால் ‘கெரிங்-கெரி’. ஆங்கிலத்து ‘கேரி’தான் இப்படி மாறியிருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன குடும்பத்தில் இதையும் நான்காவது பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வுக்கு முன்னால் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதுதான்.


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தம்பிக்கும் நன்றி. நன்றாகப் படித்து ஊருக்கு வந்து சேருங்கள்.

நேற்று இரவு மகன் வீட்டிலிருந்து காணொளியில் அழைத்தார்கள். மருமகள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அவள் இன்னொரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். என் நோட்டைப் பார்த்து, “கிலிக்” என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா சொல்லும் சொல் அது என்றும், தான் எல்லாவற்றுக்கும் ‘கர்கா’ என்றே சொல்லிப் பழகிவிட்டதாகவும் சொன்னாள். பிறகு, தமிழில் இதற்கு என்ன என்று கேட்டாள். ‘இடுப்பில் வைத்துக்கொள்வது’ என்றேன். அவளும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இறக்காமலே அதை எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்படி மாற்றுவதற்கும் ஒரு சொல் உண்டா என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் பிள்ளை கைபேசியைப் பிடித்து இழுத்துவிட்டான்.